ஹோம் ரிசார்ட்டைத் தாண்டிப் போக: டைம்ஷேர் பாயிண்ட் வைத்திருப்போருக்கு 20 குறிப்புகள்

அமெரிக்காவில் டைம்ஷேர் வாங்கியிருக்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வருஷா வருஷம் அதே இடம்தானா? பசங்களுக்கே அலுத்துப்போச்சு." கையில் இருப்பது பாயிண்ட் என்றால், அலுத்துப்போகும் அளவுக்கு ஒரே இடத்துக்குப் போக வேண்டியதே இல்லை. எங்களிடம் இருப்பது டிஸ்னி வெக்கேஷன் கிளப்பின் 160 பாயிண்ட். ஹோம் ரிசார்ட், அதாவது எங்கள் பாயிண்ட் சேர்ந்திருக்கும் ரிசார்ட், ஃப்ளோரிடாவில் உள்ள சரடோகா ஸ்பிரிங்ஸ். ஊரிலிருந்து அம்மா, மாமியார் வரும்போதெல்லாம் அவர்களையும் கூட்டிக்கொண்டு வெவ்வேறு இடங்களில் தங்கியிருக்கிறோம். அதில் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். 1991-ல் தொடங்கிய இந்த கிளப்பை வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற நிறுவனங்களில் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு.

1. முதல் வேலையாக ஒப்பந்தத்தை எடுத்து மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: எது உங்கள் ஹோம் ரிசார்ட், எந்த மாதம் உங்கள் 'யூஸ் இயர்' தொடங்குகிறது, நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினீர்களா அல்லது இன்னொரு உறுப்பினரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கினீர்களா. யூஸ் இயர் என்பது ஆண்டுதோறும் பாயிண்ட் வரவாகும் மாதம். எல்லோருக்கும் அது ஜனவரி என்று நினைத்துக்கொள்வதுதான் பல வீடுகளில் பாயிண்ட் வீணாவதற்குக் காரணம். இந்த கிளப்பில் ஜனவரி யூஸ் இயரே கிடையாது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் ஆகிய எட்டு மாதங்களில் ஒன்றுதான் உங்களுடையது.

2. மனப்பாடமாக இருக்க வேண்டிய இரண்டு எண்கள் 11, 7. ஹோம் ரிசார்ட்டில் தங்க 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். மற்ற ரிசார்ட்டுகள் நமக்குத் திறப்பது 7 மாதம் முன்புதான். அடுத்த ஆண்டு ஜூன் 15-ல் தங்க வேண்டுமென்றால், ஹோம் ரிசார்ட்டுக்கு இந்த ஆண்டு ஜூலை 15. வேறிடத்துக்கு நவம்பர் 15. இணையத்தில் பதிவு திறப்பது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 8 மணிக்கு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் 5 மணிக்கே எழுந்துகொள்ள வேண்டும். அந்த நாளை விட்டுவிட்டு, "ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றால் நல்ல அறைகள் போயிருக்கும். என்னிடம் யாராவது இந்த விஷயத்தில் ஒரே ஒரு யோசனை கேட்டால், பாயிண்ட்டை எண்ணுவதற்கு முன் நாட்காட்டியைத் திறக்கச் சொல்வேன்.

3. வேறிடம் போவதுதான் திட்டம் என்றாலும், 11-வது மாதத்தில் ஹோம் ரிசார்ட்டில் ஓர் அறையைப் பதிவு செய்துவிடுங்கள். 7-வது மாதம் விரும்பிய இடம் கிடைத்தால் முதலாவதை ரத்து செய்துவிடலாம். அவ்வளவு முன்கூட்டியே ரத்து செய்தால் பாயிண்ட் சேதாரமில்லாமல் திரும்பிவிடும். கிடைக்காவிட்டாலும் பயணம் நிற்காது. விமான டிக்கெட் எடுத்துவிட்டு அறைக்காகத் தவிக்கிற நிலை வராது.

4. எந்த இடம் எளிதில் கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு ஆசைப்படுவது நல்லது. சரடோகா ஸ்பிரிங்ஸ், ஓல்ட் கீ வெஸ்ட் இரண்டும் பெரியவை; 7 மாதத்தில் பெரும்பாலும் இடம் இருக்கும். அனிமல் கிங்டம் வில்லாஸில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயும் புல்வெளியைப் பார்த்த அறைகளும் பல சமயம் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அங்கேயே குறைந்த பாயிண்ட்டில் உள்ள 'வேல்யூ' அறைகள் எண்ணிக்கையில் கொஞ்சம், ஹோம் உரிமை உள்ளவர்களே எடுத்துவிடுவார்கள். போர்டுவாக்கின் 'ஸ்டாண்டர்டு வியூ' அறைகளும் அப்படியே. கலிஃபோர்னியாவின் கிராண்ட் கலிஃபோர்னியன் மிகச் சிறியது. அதை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். 2023-ல் அதே வளாகத்தில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாஸ் திறந்த பிறகு அந்த ஊருக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கிறது. ஆனால் அங்கே பாயிண்ட்டோடு ஒவ்வோர் இரவுக்கும் உள்ளூர் தங்கும் வரி என்று பணமும் கட்ட வேண்டும்.

5. டிசம்பர் முதல் இரு வாரங்கள்தான் ஆர்லாண்டோவில் அறை கிடைப்பதற்கு அரிதான காலம். கிறிஸ்துமஸ் அலங்காரம் முழுதாக இருக்கும், கிறிஸ்துமஸ் வாரத்துக்குரிய அதிகப் பாயிண்ட் இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத பருவமா இது என்று முதலில் பாருங்கள். பள்ளி இருந்தால் இந்தப் போட்டியில் இறங்கவே வேண்டாம்.

6. கிடைக்காத அறைக்கு வெயிட்லிஸ்ட்டில் பெயர் கொடுக்கும்போது, ஒரே நீண்ட கோரிக்கையாகக் கொடுக்காதீர்கள். ஐந்து இரவும் சேர்ந்து காலியானால்தான் அது நிறைவேறும். நான்கு இரவு கையில் கிடைத்து ஒன்று மட்டும் பாக்கி என்றால், அந்த ஓர் இரவுக்கு மட்டும் காத்திருப்பது பலிக்க வாய்ப்பு அதிகம். கோரிக்கை நிறைவேறினால் பாயிண்ட் தானாகவே கழிந்துவிடும் என்பதால், பயணத் திட்டம் மாறிய உடனே வெயிட்லிஸ்ட்டையும் எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் நாட்களில் தினமும் காலை ஒருமுறை நீங்களே தேடிப் பாருங்கள். பிறர் ரத்து செய்யும் அறைகள் இப்படித்தான் கண்ணில் படும்.

7. பாயிண்ட்டை 'பேங்க்' செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஆண்டு பயன்படுத்தாததை அடுத்த யூஸ் இயருக்குத் தள்ளிவைப்பதுதான் பேங்க் செய்வது. அதற்கு யூஸ் இயரின் முதல் 8 மாதங்கள் மட்டுமே அவகாசம். பிப்ரவரிக்காரர்களுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. ஆகஸ்டுக்காரர்களுக்கு மார்ச் 31. டிசம்பர்க்காரர்களுக்கு ஜூலை 31. அந்த நாள் கடந்தால், மிச்சமுள்ள நான்கு மாதத்துக்குள் எங்காவது தங்கித்தான் தீர்க்க வேண்டும். பேங்க் செய்ததை மறுபடியும் பேங்க் செய்ய முடியாது, திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. எங்கள் வீட்டில் கைபேசியில் இரண்டு நினைவூட்டல் வைத்திருக்கிறோம்: 7-வது மாதம் முடியும்போது ஒன்று, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன் இன்னொன்று. நம் ஆட்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒரு வருடம் இந்தியா போய்விடுகிறோம், அடுத்த வருடம்தான் இங்கே சுற்றுலா. இந்தியா போகிற வருடத்துப் பாயிண்ட்டை நேரத்தில் பேங்க் செய்தால், மறு வருடம் 160 என்பது 320 ஆகிவிடும். பெற்றோரோடு சேர்ந்து பெரிய வீடு எடுக்க அதுவே போதும். பேங்க் செய்த பாயிண்ட்டுக்கும் 11 மாத ஹோம் உரிமை போகாது.

8. அடுத்த ஆண்டுப் பாயிண்ட்டைக் கடன் வாங்குவது கடைசி வழியாகவே இருக்கட்டும். கடன் எடுத்தது மறுபடி அடுத்த ஆண்டுக்குத் திரும்பாது. பயணம் ரத்தானால் இந்த ஆண்டுக்குள் அதைச் செலவழித்தாக வேண்டிய சுமை சேரும். முதலில் பேங்க் செய்தது, பிறகு நடப்பு ஆண்டுடையது, அப்புறம்தான் கடன்.

9. வந்து சேரும் நாளுக்கு 30 நாளோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது ரத்து செய்தால் பாயிண்ட் 'ஹோல்டிங்' கணக்குக்குப் போய்விடும். அதை வைத்து 60 நாளுக்குள் வரும் தங்கலுக்குத்தான் பதிவு செய்யலாம். பேங்க் செய்யவும் முடியாது. அதனால் பயணத்துக்கு 31 நாள் இருக்கும்போது குடும்பத்தோடு உட்கார்ந்து, போகிறோமா இல்லையா என்று முடிவெடுங்கள். பெற்றோர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்றால் இந்த நாள் இன்னும் முக்கியம்.

10. வெள்ளி, சனி இரவுகளுக்குப் பாயிண்ட் கூடுதல். ஞாயிறு புகுந்து வெள்ளி கிளம்பினால் அதே ஐந்து இரவுக்குக் குறைந்த பாயிண்ட்டே ஆகும். மாத வாரியாகப் பார்த்தால் செப்டம்பர் மிகக் குறைவு, கிறிஸ்துமஸ் வாரமும் ஈஸ்டரை ஒட்டிய நாட்களும் மிக அதிகம். பாயிண்ட் அட்டவணையை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பார்க்க வேண்டும். ஒரு ரிசார்ட்டின் ஆண்டு மொத்தம் கூடக் கூடாது என்றாலும், ஒரு பருவத்தில் குறைத்து இன்னொன்றில் ஏற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

11. அறையின் அளவைக் கணக்குப் போட்டு எடுங்கள். ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஸ்டூடியோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயிண்ட் ஆகும். இரண்டு குடும்பம் போகிறீர்கள், சமைக்கப் போவதில்லை என்றால் இரண்டு ஸ்டூடியோக்கள் ஓர் இரட்டைப் படுக்கையறை வீட்டைவிடக் குறைவாகவே வரும். பெரியவர்கள் வந்தால் என் தேர்வு அனிமல் கிங்டம் வில்லாஸின் கிடானி வில்லேஜ். அங்கே இரட்டைப் படுக்கையறை வீட்டில் மூன்று குளியலறை. காலை 7 மணிக்கு எட்டுப் பேர் கிளம்ப வேண்டிய வீட்டில் அதன் அருமை தெரியும். கீழேயே சனா என்ற உணவகம். நான் ரொட்டியும் விதவிதமான சட்னிகளும் தட்டில் வரும். புலால் உண்ணாதவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

12. முழங்கால் வலி உள்ளவர்களோடு ஓல்ட் கீ வெஸ்ட் போகிறவர்கள் கவனிக்க: அறைகள் மிக விசாலம், ஆனால் பெரும்பாலான கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. 62, 63, 64 எண் கட்டடங்களில் மட்டும் உண்டு. பதிவு செய்த கையோடு அந்தக் கட்டடங்களையோ தரைத்தளத்தையோ கேட்டுக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். இது வேண்டுகோள்தான், உறுதி அல்ல. மருத்துவக் காரணம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

13. சமையல். ஸ்டூடியோவில் சின்ன ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், டோஸ்டர், காபி மெஷின் அவ்வளவுதான். ஒரு படுக்கையறை வீட்டிலிருந்து மேலே போனால் அடுப்பு, பாத்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். ஐந்து நாள் பயணத்துக்கு நான் எடுத்துப்போவது: மூன்று லிட்டர் குக்கர், அஞ்சறைப் பெட்டி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிய அரிசி. குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் உள்ளேயே வைத்து மூடிவிடுங்கள். மறந்துபோவது அவை இரண்டும்தான். மிளகாய் தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், புகை வந்தால் அலாரம் அடிக்கும். மதியம் தயிர்சாதத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் போகலாம். சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. பாயிண்ட் கணக்கில் கட்டும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ரிசார்ட்டைப் பொறுத்து மாறும், ஏறிக்கொண்டேயும் போகிறது. வீட்டில் சமையலறை இருப்பதுதான் அந்தச் செலவில் ஒரு பங்கையாவது நமக்குத் திருப்பித் தருகிறது.

14. ஒரே பயணத்தில் இரண்டு ரிசார்ட்டில் தங்கலாம்: மூன்று இரவு ஹோம் ரிசார்ட், இரண்டு இரவு கிடைப்பதற்கு அரிதான இடம். ஐந்து இரவுக்குக் கிடைக்காத அறை இரண்டு இரவுக்குக் கிடைத்துவிடும். டிஸ்னி வேர்ல்டுக்குள் என்றால் பெட்டிகளை அவர்களே கொண்டுசேர்த்துவிடுவார்கள். ஆனால் காலி செய்வது காலை 11 மணி, அடுத்த இடத்தில் சாவி கிடைப்பது மாலை 4 மணி. அந்த ஐந்து மணி நேரத்துக்குத் தேவையான மருந்து, மாற்றுத்துணி, மாவு டப்பா எல்லாம் ஒரு தனிப் பையில் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

15. டிஸ்னியே வேண்டாம், வேறு ஊர் போகலாம் என்றால் பரிமாற்ற நிறுவனம் வழியாகப் போக வேண்டும். 2022 ஜனவரி முதல் இந்த கிளப்புக்கு இன்டர்வெல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம். அதற்கு முன் ஆர்.சி.ஐ. பொதுவாக ஒரு வாரத் தங்கலுக்குத்தான் மாற்றலாம், தனியாகக் கட்டணமும் உண்டு. மாற்றும் முன் மூன்று கணக்குப் பாருங்கள். அதே வாரம் அதே ஊரில் நல்ல ஹோட்டலுக்கு எவ்வளவு? உங்கள் பாயிண்ட்டுகளின் பராமரிப்புக் கட்டணமும் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்தால் எவ்வளவு? அந்த ரிசார்ட்டில் கட்டாய உணவுக் கட்டணம் ஏதாவது உண்டா? மெக்ஸிகோ போன்ற இடங்களில் 'ஆல் இன்க்ளூசிவ்' என்று ஆளுக்கு இவ்வளவு என்று கட்டச் சொல்லும் ரிசார்ட்டுகள் இருக்கின்றன. சைவம் சாப்பிடும் நான்கு பேருக்கு அது பெரும் நஷ்டம்.

16. கப்பல் பயணத்துக்குப் பாயிண்ட் கொடுக்காதீர்கள். நல்ல அறையில் பல இரவு தங்கக்கூடிய பாயிண்ட் ஒரே பயணத்தில் போய்விடும். கப்பலுக்குப் பணமாகக் கட்டுங்கள்.

17. மறுவிற்பனையில் வாங்கியவர்கள் தங்கள் வரம்பை வாங்கிய தேதியிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஜனவரி 19 முதல் அப்படி வாங்கிய பாயிண்ட் முந்தைய 14 ரிசார்ட்டுகளுக்குச் செல்லும்; ரிவியேரா, அதன் பிறகு வந்த டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாஸ், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் போன்றவற்றுக்குச் செல்லாது. ரிவியேராவையே மறுவிற்பனையில் வாங்கினால் அங்கே மட்டும்தான் தங்கலாம். புதிதாக வாங்க நினைக்கும் நண்பர்களிடம் விலையைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லுங்கள். வாங்குவதோ விற்பதோ எதுவானாலும், முன்பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் விற்றுத்தருகிறோம் என்ற ஒருவரிடம் கட்டிய பணம் இன்றுவரை திரும்பவில்லை. அவர்கள் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தேன். ரிசார்ட்டில் "ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள், பரிசு தருகிறோம்" என்று கூப்பிட்டு அங்கேயே கையெழுத்து வாங்கினால், ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். காகிதங்களைப் பெட்டியில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாமல், அன்றிரவே படியுங்கள்.

18. ஹவாயின் அவுலானி, ஓவாஹு தீவில் 2011-ல் திறந்தது. கடல் பார்த்த அறைகள் விலை கூடுதல் என்பதால், குறைந்த பாயிண்ட்டுள்ள 'ஸ்டாண்டர்டு வியூ' முதலில் தீர்ந்துவிடும். பாயிண்ட்டோடு மாநில வரி ஒன்றும் கிளம்பும்போது கட்ட வேண்டும். விமானத்தில் ஹவாய்க்குப் போகிறவர்கள் கையிலுள்ள செடி, காய், பழம் பற்றி எழுதிக்கொடுக்க வேண்டும். இங்கே நம் பெண்கள் மறக்கும் ஒன்று கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அந்தச் செடியிலும் வாழும். அதனால் கலிஃபோர்னியா, ஃப்ளோரிடாவிலும் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. வீட்டிலேயே கறிவேப்பிலைப் பொடி இடித்து எடுத்துப்போங்கள்.

19. மற்ற நிறுவனங்களில் பாயிண்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டில் நான்கு தேதிகளைத் தேடிக் குறிக்க வேண்டும்: ஹோம் ரிசார்ட் பதிவு திறக்கும் நாள், மற்றவை திறக்கும் நாள், தள்ளிவைக்கக் கடைசி நாள், சேதாரமில்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள். எண்கள் மாறும், முறை ஏறக்குறைய இதுதான். இந்தியாவில் கிளப் மகிந்திரா, ஸ்டெர்லிங் வைத்திருக்கும் உறவினர்கள் பரிமாற்ற நிறுவனம் வழியாக அமெரிக்கா வந்து தங்க நினைத்தால், அவர்களுடைய ஆண்டுச் சந்தா பாக்கி இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

20. ஹோம் ரிசார்ட்டைத் தாண்டி முதல்முறை எங்கே போகலாம் என்று கேட்டால், தீம் பார்க் இல்லாத இரண்டு இடங்களைச் சொல்வேன். தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட், 1996-ல் வந்தது. உப்பங்கழிக் கரையில் மர வீடுகள், படகுத்துறை, கடற்கரைக்குத் தனி வண்டி. கோடை தவிர மற்ற மாதங்களில் 7 மாதத்துக்குப் பிறகும் கிடைக்கும். இன்னொன்று ஆர்லாண்டோவிலிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் உள்ள வீரோ பீச். பெரியவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும்: நடக்க வேண்டிய தூரம் குறைவு, கூட்டம் இல்லை, பால்கனியிலேயே உட்கார்ந்து கடல் பார்க்கலாம். கோடையில் பெருந்தலைக் கடலாமைகள் அந்த மணலில் ஏறி முட்டையிடும். இரவில் கடற்கரைப் பக்கம் விளக்கு போடக் கூடாது, கைபேசி வெளிச்சமும் காட்டக் கூடாது. என் மாமியார் அந்த இருட்டில் ஒரு மணி நேரம் பேசாமல் நின்று, ஆமை குழி தோண்டுவதைப் பார்த்தார். அறைக்கு வந்ததும் "அடுத்த தடவை வரும்போதும் இங்கேதான்" என்றார். அவர் மறுபடி ஜூனில் வருகிறார்; நவம்பர் 15, காலை 8 மணி என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதிவைத்திருக்கிறேன்.